மூன்றாம் தடவை

ஆர்டெல் நைகார்ட் முப்பத்தோரு வருடம் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில மண் ரோடுகளில் பால் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமையானால் வீட்டில் கால் தரிக்காது. மனைவி மார்லிஸை ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு சிற்றூரில் சாப்பிடக் கிளம்பிவிடுவார். பழைய வங்கியின் பெட்டக அறைக்குள் மேசை போட்ட கடை, முயல் தலையில் மான் கொம்பை ஒட்டிச் சுவரில் மாட்டிய கடை என்று ஒன்றையும் விட்டதில்லை.

விட்டது ஒன்றே ஒன்று. ஹால்வர் ஊரில், கழித்துப் போட்ட ரயில் பெட்டிக்குள் நடந்த காபிக் கடை. கல்யாணத்துக்கு முன் மார்லிஸ் அங்கே ஆறு வருடம் பரிமாறினாள். தட்டை அடைத்துக் கிடக்கும் கேரமல் ரோல் என்ற இனிப்பு ரொட்டியை ஊருக்கே கொண்டுபோய் வைத்தவள், ஒருநாளும் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

போன அக்டோபரில் அந்த வழியாக வந்தபோது ஆர்டெல் கேட்டார்.

"நிறுத்தட்டுமா?"

"வேண்டாம். உனக்குத்தான் முதுகு வலிக்குதே."

"கடை திறந்துதான் இருக்கு."

"எதுக்கு உனக்குச் சிரமம்?"

அந்தப் பக்கத்தில் ஒரு வாய் காபி கொடுத்தாலும் இரண்டு தடவை மறுப்பதுதான் மரியாதை. மூன்றாவது தடவை கேட்டால், "சரி, நீ இவ்வளவு சொல்றதால" என்று கோப்பையை நீட்டுவார்கள். ஆர்டெலும் அப்படி வளர்ந்தவர்தான். ஆனால் அன்று வீடு போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. மார்லிஸ் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்தார். இறங்கத் தயாராகும்போது மட்டும்தான் அவள் அப்படி வைப்பாள். பார்த்தும் மூன்றாம் தடவை கேட்காமல் வண்டியை விட்டார்.

பனிக்காலம் முழுக்க அந்தக் கைப்பை உறுத்தியது. மே மாதம் ரோடு காய்ந்ததும் நேராக ஹால்வருக்கு ஓட்டினார். பூட்டிய கதவில் கடைக்காரி எழுதிய ஓர் அட்டை தொங்கியது. 'நாற்பது வருஷம் நின்னாச்சு. கால் வலிக்குது. எல்லாருக்கும் நன்றி. டொரீன்.'

மார்லிஸ் கண்ணாடியில் கை குவித்து உள்ளே பார்த்தாள். நாற்காலிகள் மேசைகள்மேல் கவிழ்ந்திருந்தன.

"ஜன்னலோரம் நாலாவது மேசை. காலை வெயில் நல்லா விழும். பரவாயில்ல, எனக்கு அவ்வளவா பசியும் இல்ல."

"என் தப்பு."

"டொரீன் கால் வலிக்கு நீ என்ன பண்ணுவ?"

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்.

"இங்க ரோல் இருக்கும். வாங்கட்டுமா?"

"வேண்டாம்."

"சுட வச்சுத் தருவாங்க."

"வேண்டாம்னு சொன்னேனே."

இந்தத் தடவை அவர் விடவில்லை. "ஒண்ணே ஒண்ணு. ஆளுக்குப் பாதி?"

மார்லிஸ் சிரித்து அவர் முழங்கையைத் தொட்டாள். "வேண்டாம், ஆர்டெல்."

கைப்பை அவள் காலடியிலேயே கிடந்தது.