பாறைத் தடத்துக்கு ஒரு ஜீப்

பழைய ஜீப்பைப் பாறைத் தடத்தில் ஓட்டத் தயார் செய்கிறேன் என்று செஞ்சிப் பட்டறையே கதியாகக் கிடந்தேன். ஸ்பிரிங்கை உயர்த்தியதும் டயர் சின்னதாகத் தெரிந்தது. பெரிய டயர் போட்டால், வளைக்கும்போது மட்கார்டில் உரசியது. மட்கார்டை வெட்டினேன். உடனே பிரேக் போதாது என்று தோன்றியது.

புதிதாக எதைப் பூட்டினாலும் என் மனைவி கற்பூரம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பாள். நசுக்கிக்கொண்டு கிளம்புவேன். கடைவீதி தாண்டுவதற்குள் ஏதாவது சத்தம் கேட்கும். எதிரே மலை தெரியத் தெரிய, எரிச்சலோடு பட்டறைக்கே திருப்பிவிடுவேன்.

இன்று காலை, "பாறை மேல ஏத்தாம வர மாட்டேன்" என்று சாவியைப் போட்டேன்.

கடைசிப் பழத்தைச் சக்கரத்தடியில் வைத்தவள் நிமிரவில்லை. "இத்தினி நாளா எலுமிச்சம்பழத்து மேலதான் ஏத்திக்கினு இருக்கீங்க."