செஞ்சிக்குத் திரும்பிப் போன ஜெர்கின்

இந்த ஊரில் மழைக்குச் சத்தமே கிடையாது. செஞ்சியில் மழை வருகிறதென்றால் தெருவுக்கே தெரியும். ராஜகிரி மலை கறுக்கும், காற்று மண்ணை வாரி இறைக்கும், முதல் இடிக்கே கரண்ட் போய்விடும், மாடியில் காயும் துணியை எடுக்க ஆளாளுக்கு ஓடுவோம். அயர்லாந்தின் மேற்குக் கரையில் நான் இருக்கும் கால்வேயில் அந்த ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. சன்னல் வழியாகப் பார்த்தால் ஒன்றும் பெய்யாத மாதிரிதான் இருக்கும். வாசலைத் தாண்டி நாலடி வைத்தால் புருவத்தில் தண்ணீர் நிற்கும். வந்த புதிதில் ஒருநாள் தெப்பமாக நனைந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்து, "சாஃப்ட் டே, தாங்க் காட்" என்றார். மென்மையான நாளாம், அதற்குக் கடவுளுக்கு நன்றி வேறு! என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுநாள் வேலையில் விசாரித்தபோதுதான், இப்படித் தூறும் நாளை அவர்கள் உண்மையாகவே அப்படிச் சொல்வார்கள் என்று தெரிந்தது. பாவம் அந்த அம்மாள், என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ.

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். முதல் வருடம் தனியாக ஓட்டினேன். அதன் பிறகு செப்டம்பரில் என் கணவர் வேலு வந்து சேர்ந்தார். செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்து நன்றாக இருந்த மனுஷன், கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு எனக்காகத்தான் வந்தார். ஏர்போர்ட்டில் அவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. தொடை வரை இறங்கும் கறுப்பு ஜெர்கின், உள்ளே பஞ்சோ இறகோ அடைத்து உப்பிய கைகள், கழுத்தைச் சுற்றி முயல் மயிர் மாதிரி ஒன்று. அதற்கு மேல் மங்கி குல்லா. எல்லோரும் சாதாரணச் சட்டையில் நடந்துகொண்டிருக்க, இவர் மட்டும் இமயமலைக்கு வழி கேட்பவர் போல நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. "ஏங்க, இது இன்னா வேஷம்?" என்றேன். "அம்மா வாங்கிக் குடுத்தது. கழட்டக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்குது" என்றார்.

அது என் மாமியார் செய்த வேலை. கார்த்திகை பிறந்தால் வடக்கத்திக்காரர்கள் வந்து பஸ் ஸ்டாண்டு ஓரம் கயிறு கட்டி ஸ்வெட்டரும் ஜெர்கினும் தொங்கவிடுவார்கள். இவர் கிளம்புவதற்குப் பல மாதம் முன்பு, முந்தின கார்த்திகையிலேயே, அத்தை வல்லத்துப் பக்கம் நிலத்து வேலையை முடித்துக்கொண்டு நேரே அங்கே போயிருக்கிறார். ஒவ்வொன்றாக இறக்கச் சொல்லி, கையில் தூக்கி எடை பார்த்து, "இதவிட வெயிட்டா இல்லியா? பனி கொட்ற ஊருப்பா அது" என்று கடைக்காரரைப் படாத பாடு படுத்தி, அங்கிருந்ததிலேயே கனமானதை எடுத்திருக்கிறார். நம் ஊரில் எவரிடமாவது வெளிநாடு என்று சொல்லிப் பாருங்கள், உடனே பனிதான் கொட்டும். நானும் அப்படி நினைத்துத்தான் விமானம் ஏறினேன். இந்த ஊரில் பனி விழுவதே அபூர்வம். குளிர்காலம் முழுக்க நம் ஊட்டி மாதிரி ஒரு குளிர், அதன் மேல் ஓயாத தூறல், கடலில் இருந்து காற்று. அவ்வளவுதான். ஆனால் அத்தை அந்த ஜெர்கினின் காலர் உள்பக்கத்தில் மஞ்சள் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, மகனுக்குத் தன் கையாலேயே மாட்டிவிட்டிருக்கிறார். அதற்கு மேல் யார் பேச முடியும்?

வேலுவுக்கு ஒரு காய்கறிக் கிடங்கில் வேலை கிடைத்தது. சில மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொன்னார்கள். பஸ் இறங்கிக் கடலோரமாக அரை மணி நேரம் நடக்க வேண்டும். குடை பிடித்தார், வழியிலிருக்கும் பாலத்துக் காற்று அதை முதல் நாளே மல்லாத்திப் போட்டது. ஜெர்கினைப் போட்டுக்கொண்டு போனார். மேடேறும்போது உள்ளே வியர்வை, வெளியே தூறல். போய்ச் சேரும்போது உள்ளும் புறமும் ஒரே ஈரம். அந்தப் பஞ்சு தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஆட்டுக்குட்டி கனம் கனக்கும். ஹீட்டர் மேல் தொங்கவிட்டால் இரண்டு நாளைக்கும் காயாது, வீடெல்லாம் நனைந்த கோழி வாடை. காயாததையே மறுபடி மாட்டிக்கொண்டு போவார். சளி, காய்ச்சல், லீவு. இரண்டாவது முறை லீவு போட்டதும், இனி ஒருமுறை இப்படி ஆனால் பார்க்க வேண்டியிருக்கும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் நனைந்தபடி வந்து நின்றவர், ஷூவைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"என்னால ஆவாது கலா. இந்த வேல போச்சுன்னா நான் ஊருக்குப் போறேன். பொங்கலுக்கு வந்துட்றேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

எனக்குத் திக்கென்றது. திரும்பவும் அந்தத் தனி வருடமா? பேச ஆளில்லாமல், சமைத்ததைத் தனியாகத் தின்று, டிவியைத் துணைக்கு ஓடவிட்டுக்கொண்டு கிடந்த வருடம் அது. "வேற ஜெர்கின் வாங்கலாங்க" என்றேன். "அது எதுக்கு? அம்மா வாங்கினது நல்லாத்தானே இருக்குது" என்றார். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். நன்றாகக் கேட்டுவிட்டேன். அவரும் கத்தினார். கத்தி முடித்ததும் அம்மாவுக்கு வீடியோ கால் போடும் நேரம். அங்கே ராத்திரிச் சாப்பாடு முடிந்திருக்கும். இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? ஹீட்டரில் இருந்து அந்த ஈர ஜெர்கினை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தினமும் அப்படித்தான். வீட்டுக்குள்ளே, அம்மாவுக்குக் காட்டுவதற்காக.

அத்தை மகனை நைனா என்றுதான் கூப்பிடுவார். "குளுருதா நைனா?" என்றார்.

"இல்லம்மா. கதகதன்னு இருக்குது."

"நனையிலியே?"

"சொட்டு எறங்கல."

சொல்லி வாய் மூடவில்லை, அடுக்காய் நாலு தும்மல். போன் கையில் ஆடியது. அத்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார். "கைய தூக்கு. இன்னாடா அது, சொட்டு சொட்டா வுழுவுது?" என்றார். முழங்கைப் பக்கம் இருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. வேலு என்னைப் பார்த்தார். அத்தையே நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். வேலு சொல்லி முடித்ததும் திட்டத் தொடங்கினார்.

"ஏண்டா, அறிவு இருக்குதா ஒனக்கு? மழையில போறவன் மெத்தையச் சுத்திக்கினு போவானா? எனக்குத்தான் தெரியல, நான் பனின்னு நெனைச்சி வாங்கினேன். நீ நேர்ல பாக்கற இல்ல? நாளைக்கே போயி வேற வாங்கு. நான் இன்னா கோச்சிக்கவா போறேன்?"

இதற்காகவா இத்தனை நாள் நனைந்தார்! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் கடைக்குப் போனோம். அங்கே வேலை பார்த்த பெண், முகமெல்லாம் புள்ளிப் புள்ளியாக அழகாக இருந்தாள். இவர் அம்மாவின் பிள்ளை ஆயிற்றே, ஒவ்வொன்றையும் கையில் தூக்கி எடை பார்த்தார். அவள் காட்டிய மழை ஜெர்கின் மெல்லியதாக, அஸ்தர் உள்துணி மட்டும் வைத்து, உள்ளே பஞ்சே இல்லாமல் இருந்தது. "காயிதம் மாதிரி இருக்குதே! இதவிட வெயிட்டா கேளு" என்று என்னைக் குடைந்தார். கேட்டேன். அவள் இன்னொன்று கொண்டுவந்தாள். இதைவிட என்றோம். கடைசியில் அவள் பயந்தே போய், எந்த மலைக்குப் போகப் போகிறீர்கள், தனியாகவா என்று கேட்டாள். வேலு தன் இங்கிலீஷில் பெருமையாக, "நோ மவுண்டன். ஒன்லி கேபேஜ்" என்றார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கிடங்கு வேலையை விளக்கியதும் சிரித்துவிட்டு, இந்த ஊரில் குளிருக்காக வாங்காதீர்கள், ஈரத்துக்காக வாங்குங்கள் என்றாள். தையலுக்கு மேல் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா, தொப்பிக்கு முன்னால் கண்ணில் தண்ணீர் இறங்காதபடி மடக்கு இருக்கிறதா, இடுப்புக்குக் கீழே இறங்குகிறதா, இதைப் பாருங்கள். குளிர்ந்தால் உள்ளே ஒரு ஸ்வெட்டர் போதும் என்றாள். கக்கத்தில் இருந்த ஜிப்பைத் திறந்தும் காட்டினாள். வியர்த்தால் அதைத் திறந்துவிட வேண்டுமாம். "கக்கத்துலயா ஜிப்பு?" என்று வேலு கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டார். அவள் பாட்டில் தண்ணீரை ஜெர்கின் கையில் ஊற்றியபோதுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது. சேப்பங்கிழங்கு இலையில் ஓடுகிற மாதிரி தண்ணீர் உருண்டு ஓடியது. இங்கே வரப்போகிறவர்களுக்கும் நான் அதையே சொல்கிறேன்: எடை பார்க்காதீர்கள், தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்து அத்தையை அழைத்தோம். புதுத்துணி ஆயிற்றே, வேலு மஞ்சள் வைக்காமல் போடுவாரா? டப்பாவில் இருந்த மஞ்சள் தூளைக் குழைத்து, அத்தை பார்க்க, ஜெர்கின் கை ஓரத்தில் வைத்தார். வைத்த மஞ்சள் முத்து முத்தாகத் திரண்டு தரையில் விழுந்தது. இன்னொரு தரம் வைத்தார். அதுவும் உருண்டது. அவர் முகம் சுருங்கிப்போனது. "மஞ்ச ஒட்ட மாட்டேங்குதும்மா" என்றார். எனக்கும் மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. அத்தை துணியைக் கிட்டே காட்டச் சொன்னார்.

"அட, இது நம்ம கொங்காணிடா! யூரியா சாக்க ஒரு மூலைய உள்ள தள்ளி தலையில மாட்டிக்கினு மழையில நாத்து நட்டதில்லியா நானு? இது தெரிஞ்சிருந்தா சாக்கயே குடுத்து அனுப்பியிருப்பேனே! தண்ணி ஒட்டாததுல மஞ்ச எப்படி ஒட்டும்? உள்ளார வையி, கழுத்துகிட்ட. மேல படற எடத்துல இருந்தா போதும்."

உள்ளே அஸ்தரில் வைத்தார். பிடித்துக்கொண்டது. "பழச வீணாக்காத. மார்கழி வருது, நான் போட்டுக்கறேன், அனுப்பி வையி" என்றார் அத்தை. திண்டிவனத்துக்காரர் ஒருவர் ஊருக்குப் போனபோது, நன்றாகக் காயவைத்துக் கொடுத்தனுப்பினோம். வேலு அதன் பிறகு ஒருநாள்கூட லீவு போடவில்லை. டிசம்பர் முடிவதற்குள் வேலை நிரந்தரமானது. என்னிடம் அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்கு வருவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தாரே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் போகும் வழியில், பாலத்தின் மேல் நின்று அம்மாவைக் கூப்பிட்டார். இங்கே வழக்கமான தூறல். செஞ்சியில் மத்தியானம். திரையில் அத்தை வாசலில் நின்றிருந்தார், அந்தக் கறுப்பு ஜெர்கினோடு. கழுத்து வரை ஜிப் ஏறியிருந்தது. பின்னால் மலைப்பாறை வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

"இன்னாம்மா இது, இந்த வெயில்ல?"

"காலையில கோலம் போடப் போட்டது. கழட்ட மனசு வரல. கணகணன்னு இருக்குது."

"வேர்க்கலியா?"

"இன்னாத்துக்கு வேர்க்கப் போவுது?" என்றார். காதோரம் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

வேலு தொண்டையைச் செருமினார். "வேல நெரந்தரம் ஆயிடுச்சிம்மா. இந்தப் பொங்கலுக்கு வர முடியாது. அடுத்த பொங்கலுக்கு ரெண்டு பேரும் வரோம்."

அத்தை ஜெர்கின் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கண்ணையும் சேர்த்துத்தான் துடைத்தார். பிறகு, "நல்லதா போச்சி" என்றார். "கலா தனியா கெடக்க வாணாம்."

பாலத்தின் மேல் காற்று வீசியது. நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, அந்த ஜிப்பையாவது கொஞ்சம் எறக்கி வுடேன்" என்றார் வேலு.

"நீ மொதல்ல ஒன்னுத மேல ஏத்து. கழுத்து தெறந்து கெடக்குது பாரு."

இவர் ஏற்றினார், மஞ்சள் வைத்த இடம் கழுத்தில் படும் வரை. அதைப் பார்த்த பிறகுதான் அங்கே அத்தை தன் ஜிப்பை இறக்கினார்.