நின்றவனுக்குத் தண்ணீர்

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்பமாட்டார். வெங்காயம் எடுக்க வந்த வியாபாரிக்குச் சொல்லியிருக்கிறார். கரண்ட் மீற்றர் பார்க்க வந்தவருக்கும் சொல்லியிருக்கிறார். எனக்குக் கலியாணம் பேசி வந்த தரகரையும் விடவில்லை. அந்த மனிதர் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர், பிறகு கோப்பாய்ப் பக்கமே தலைகாட்டவில்லை. அதில் எனக்குப் பெரிய நட்டமில்லை. அந்த மாப்பிள்ளையைப் பிறகு ஒரு கலியாணவீட்டில் கண்டேன்.

கதை என் அண்ணனுடையது. பள்ளிக்கூடம் முடிக்க முன்னரே இயக்கத்துக்குப் போனவன் அவன். நாங்கள் ஊரைவிட்டு வன்னிக்கு இடம்பெயர்ந்திருந்த காலத்தில், ஒரு சண்டையில் அவனுடைய அணி பின்வாங்க வேண்டி வந்தது. காயப்பட்டவர்களைச் சுமந்துகொண்டு மற்றவர்கள் நீரேரிக்குள் இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீர், காலடியில் சேறு, ஒளிய ஒரு பற்றைகூடக் கிடையாது. அவர்கள் அக்கரை சேரும்வரை யாராவது ஒருவர் இந்தக் கரையில் நின்று சுட்டுக்கொண்டிருக்க வேண்டும். அண்ணன் நின்றான். காயப்பட்டவர்கள் எல்லாரும் கரை சேர்ந்தார்கள். அவன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அதற்காக இயக்கம் அவனுடைய பதவியை உயர்த்தி ஒரு பதக்கமும் கொடுத்தது. அப்பா வெள்ளை வேட்டியோடு மேடையேறி அதை வாங்கினார். உடல் இல்லாததால் பெயர் பொறித்த ஒரு கல்லை மட்டும் நட்டார்கள். கடைசி யுத்தத்தில் எங்கள் மற்றச் சாமான்களோடு பதக்கமும் போயிற்று. கல்லும் இப்போது இல்லை, ஆமி இடித்துத் தள்ளிவிட்டது. மிஞ்சியது அப்பாவின் கதைதான்.

"பயமெண்டா என்னெண்டு தெரியாத பிள்ளை," என்றுதான் அப்பா தொடங்குவார்.

குசினிக்குள் இருந்து அம்மா எனக்கு மட்டும் கேட்கத்தக்கதாகச் சொல்லுவார்: "ஊசிக்குப் பயந்து வைக்கல் போருக்கை ஒளிச்சவன்."

அது உண்மை. பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்த அன்று மதிலேறிக் குதித்து ஓடிவந்து வைக்கோற்போருக்குள் புகுந்துகொண்டான். பின்னேரம் மாடு வைக்கோலை இழுத்தபோது கால் தெரிந்தது. அப்பாதான் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவர். அப்பாவின் கதையில் அந்தக் கால் வராது. பணியாரம் சுட்டால் கடைசிப் பணியாரத்தை நக்கிவிட்டு, "இந்தா, உனக்குத்தான் வச்சனான்" என்று எனக்கு நீட்டும் அண்ணனும் வரமாட்டான். கதை முழுக்கத் துவக்குச் சூடும் வீரமும்தான். கடைசியில் அப்பா கதிரையைவிட்டு எழும்பி, தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டி, "அவ்வளவு பேரும் கரைக்குப் போகுமட்டும் நிண்டான். தனிய நிண்டான்," என்று முடிப்பார். வந்தவர் தலையாட்டுவார். அப்பா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார்.

எனக்கு அந்தக் கதை புளித்துப்போயிருந்தது. உண்மையைச் சொன்னால், அதன்மேல் கோபம்கூட இருந்தது. எனக்கு இருந்தது ஓர் அண்ணன். அந்தக் கதை அவனை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

நடுக்கூடத்துச் சுவரில் அவனுடைய பள்ளிக்கூடப் படம் ஒன்று தொங்குகிறது. அதற்கு மாலை இல்லை, பொட்டு இல்லை, முன்னால் ஒரு விளக்கும் இல்லை. "ஆமி வந்து கேட்டால் மகன் வெளிநாட்டிலை எண்டு சொல்லலாம். மாலையைப் போட்டிட்டு என்னத்தைச் சொல்லுறது?" என்பார் அப்பா. ஆமி வந்து விசாரிப்பது நின்று பல வருடமாகியும் படம் அப்படியேதான் இருந்தது. வீரத்தை ஊரெல்லாம் சொல்லுகிறவர் ஒரு மாலைக்குப் பயப்படுகிறாரே என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அம்மா எல்லாவற்றையும் பொறுத்தார். ஒன்றை மட்டும் பொறுக்கவில்லை. அண்ணனுக்கு நாங்கள் அந்தியேட்டி செய்யவில்லை. எங்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் கீரிமலைக்குப் போய், அந்தியேட்டி செய்து, கடலில் சாம்பலைக் கரைத்து, எள்ளும் தண்ணீரும் இறைப்போம். உடல் கிடைக்காதவர்களுக்குக் குருக்கள் தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து, அதை எரித்துக் காரியத்தை ஒப்பேற்றுவார். அதுவரைக்கும் போனவருக்குத் தாகம் அடங்காது என்பது அம்மாவின் நம்பிக்கை. கலியாணமாகாத பிள்ளைக்குத் தகப்பன்தான் அதைச் செய்ய வேண்டும். தாய் செய்ய முடியாது, தங்கச்சியும் செய்ய முடியாது. இந்தச் சட்டத்தை எழுதியவர் என் கையில் அகப்பட்டால் நாலு கேள்வி கேட்பேன்.

அப்பாவோ மறுத்துக்கொண்டே இருந்தார். "சனமெல்லாம் விளக்கேத்திக் கும்பிட்ட பிள்ளைக்கு நான் போய் எள்ளுத் தண்ணி இறைக்கிறதோ? அவன் காய்ச்சல் வருத்தம் வந்து செத்தவனே?" என்பார். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

இந்த வருடத் தொடக்கத்தில் அம்மாவுக்கு நெஞ்சுநோ வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நான் போனால் அவன் அங்கை நிப்பானெல்லே. தண்ணி கேட்டால் என்னத்தைச் சொல்லுறது? உன்ரை கொப்பருக்கு நேரமில்லை எண்டோ?"

வீட்டுக்கு வந்தபிறகும் அந்த எண்ணம் அவரை விடவில்லை. ஆடி அமாவாசை நெருங்கியது. தகப்பனை இழந்தவர்கள் விரதம் இருக்கிற நாள். அப்பா ஒரு வருடமும் தவறாமல் கீரிமலையில் முழுகி, தன் தகப்பனுக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வருவார். அம்மா காத்தோட்டிக்காய்க் கறியோடு படையல் சமைத்து வைத்திருப்பார். இந்த முறை, சந்தையில் காத்தோட்டிக்காய் வந்துவிட்டதா என்று அப்பா விசாரித்தபோது அம்மா அகப்பையைக் கீழே வைத்தார்.

"இந்த வருசம் உங்கடை அப்பருக்கு நான் சமைக்கேல்லை," என்றார். "அவர் சுருட்டும் குடிச்சு, பேரப்பிள்ளையளையும் கண்டு, வயசு போய்க் கட்டிலிலை செத்தவர். அவருக்கு வருசா வருசம் இறைக்கிறியள். என்ரை பிள்ளைக்கு ஒரு சிரங்கைத் தண்ணி இல்லை."

அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அம்மாவின் நெஞ்சு இந்த இழுபறியைப் பொறுக்குமோ என்பதுதான் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

எனக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், கம்பஸ் கந்தோர் ஒன்றில் வேலை. அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் அண்ணனுடைய சிநேகிதர் ஒருவர் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். அன்றைக்கு நீரேரியைக் கடந்த காயக்காரரில் அவரும் ஒருவர். இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். பொங்கலுக்கும் வருடப்பிறப்புக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார். அப்பா அவரையும் இருத்திவைத்து அதே கதையைச் சொல்லுவார். கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அதுதான். அவரும் கேட்டுவிட்டு, தலையாட்டிவிட்டுப் போவார்.

அவருடைய கடைக்குப் போய் அம்மாவின் நெஞ்சுநோவையும் அந்தியேட்டி விஷயத்தையும் சொன்னேன். "அண்ணை, நீங்கள் ஒருக்காச் சொன்னால் அப்பா கேப்பார்," என்றேன்.

அவர் கையில் இருந்த ரியூப்பைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். குமிழி வந்த இடத்தை விரலால் அமுக்கிப் பிடித்தார். "ஞாயிற்றுக்கிழமை வாறன் தங்கச்சி," என்றார் கடைசியில்.

சொன்னபடி வந்தார். அப்பாவுக்குச் சந்தோஷம். வந்தவர் தேத்தண்ணீரைக் குடித்து முடிக்க முன்னமே, பயம் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளையில் தொடங்கி, எழும்பி நின்று, கையைக் காட்டி, "தனிய நிண்டான்," என்று முடித்தார். சால்வையையும் உதறினார். ஆனால் சைக்கிள்கடை அண்ணை அன்றைக்குத் தலையாட்டவில்லை.

"அதுக்குப் பிறகு, ஐயா?" என்று கேட்டார்.

"என்ன பிறகு?"

"நிண்டவன். அதுக்குப் பிறகு என்ன நடந்ததெண்டு நீங்கள் ஒருநாளும் என்னைக் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை. மற்றவங்கள் கரையைப் பாத்து நடந்தவங்கள். என்னைத் தோளிலை போட்டுக் கொண்டு போனதாலை என்ரை முகம் பின்னாலை. நான் அவனைத்தான் பாத்துக்கொண்டு போனனான்."

அப்பா கதிரையில் இருக்கவில்லை. போகவுமில்லை.

"நாங்கள் தண்ணிக்கை இறங்கேக்கை 'கெதியாப் போங்கோடா, எனக்குப் பயமாக் கிடக்கு,' எண்டு கத்தினவன். நடுத்தண்ணியிலை போகேக்கை விழுந்திட்டான். முடிஞ்சுதெண்டு நினைச்சன். பிறகு முழங்காலிலை எழும்பி, திருப்பிச் சுட்டவன். நாங்கள் கரையேறேக்கை ரெண்டாந்தரம் விழுந்தவன். அதுக்குப் பிறகு எழும்பேல்லை, ஐயா. நான் கண்ணாலை கண்டனான்."

அம்மா எப்போது குசினியை விட்டு வந்தார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கதைக்கு அவர் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

"பயமாக் கிடக்கெண்டு சொன்னவனோ?" என்று கேட்டார்.

"ஓமம்மா. பயந்துகொண்டுதான் நிண்டவன்."

"அப்ப அது என்ரை பிள்ளைதான்," என்றார் அம்மா.

அதைச் சொன்ன விதம், யாரோ பிரேதத்தின்மேல் கிடந்த துணியை விலக்கிக் காட்ட, முகத்தைப் பார்த்து ஓமென்று சொன்னதுபோல இருந்தது. நான் அழுதேன். சைக்கிள்கடை அண்ணையும் அழுதார். பயமில்லாதவன் நிற்பதில் என்ன இருக்கிறது? ஊசிக்கே ஒளித்த ஒருவன் அங்கே நின்றானே என்று நினைக்கத்தான் எனக்கு அவனுடைய வீரம் முதன்முதலாக விளங்கியது. அப்பா மட்டும் கிணற்றடிக்குப் போய்விட்டார். அடுத்தநாள் காலை, நான் பஸ்ஸுக்கு வெளிக்கிடும்போது படலையடியில் வந்து நின்றார்.

"அமாவாசைக்கு விடிய வெள்ளன ஓட்டோவுக்குச் சொல்லு. கொம்மாவும் வரட்டும்."

காலம் தவறிய காரியத்தை அமாவாசையில் செய்யலாம் என்று குருக்கள் முன்னமே எனக்குச் சொல்லியிருந்தார். கீரிமலையில் அன்றைக்குச் சரியான சனம். கேணியில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு ஆண்கள் வரிசையாகக் கடலைப் பார்த்து இருந்தார்கள். அப்பா தன் தகப்பனுக்கு இறைத்து முடித்துவிட்டு வந்து, குருக்களுக்கு முன்னால் மறுபடி இருந்தார். அவர் விரலில் தர்ப்பை மோதிரம். வாழையிலையில் புல்லால் செய்த உருவம், ஒரு சாண்கூட இராது. அம்மாவும் நானும் பின்னால் நின்றோம்.

குருக்கள் பெயரைக் கேட்டார். அப்பா சொன்னார். நட்சத்திரத்தைக் கேட்டார். அதையும் சொன்னார்.

"பிள்ளைக்கு எத்தினை வயசு?"

"நாப்பத்தாறு," என்றார் அப்பா. "வாற மாசியிலை நாப்பத்தேழு."

சண்டையில் போன பொடியன் என்று என்னிடம் கேட்டு வைத்திருந்த குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் சாகும்போது அவனுக்கு இருபத்திரண்டு. நான் திருத்திச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைக் கிள்ளினார்.

எனக்கு அப்போதுதான் பொறிதட்டியது. இத்தனை வருடமும் அப்பா ஒவ்வொரு மாசியிலும் அவனுக்கு ஒரு வயதைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். சுவரில் மாலை போடாததற்கு ஆமி காரணம் இல்லை. அந்தியேட்டி வேண்டாம் என்றது பெருமையாலும் இல்லை. எத்தனையோ பேருக்கு எத்தனையோ தரம் சொன்ன அந்தக் கதையில் அண்ணன் ஒரு தரமேனும் செத்ததில்லை. நாங்கள்தான் அதைக் கவனிக்கவில்லை.

குருக்கள் மந்திரத்தைத் தொடர்ந்தார். புல்லுருவம் எரிய அதிக நேரம் எடுக்கவில்லை. சாம்பலை அப்பா கடலில் விட்டார். கடைசியாக அவர் கையில் எள்ளை வைத்துத் தண்ணீரை ஊற்றி, "இறையுங்கோ," என்றார் குருக்கள்.

அப்பாவின் கை அப்படியே நின்றது. தண்ணீர் விரலிடுக்கால் ஒழுகிப் போயிற்று. குருக்கள் திரும்பவும் ஊற்றினார். கை சரியவில்லை. பின்னால் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அம்மா குனிந்து அப்பாவின் ஈரத் தோளில் கையை வைத்தார்.

"இஞ்சேருங்கோ," என்றார் மெதுவாக. "எவ்வளவு காலமாப் பிள்ளை தண்ணிவிடாயோடை நிக்கிறான். இறையுங்கோ."