ரோட்டுக்குத் தெளித்த தண்ணீர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஏப்ரல் மாதம். தமிழரும் பெங்காலிகளும் சேர்ந்து வாழும் இந்தத் தீவில், ரங்கத் என்ற ஊருக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில்தான் எங்கள் குடியிருப்பு. மலை ஊற்றிலிருந்து குழாய் போட்டுத்தான் எல்லா வீட்டுக்கும் தண்ணீர். நான் கல்யாணமாகி வந்த புதிதில் கோடையிலும் அது நின்றதில்லை. இப்போதெல்லாம் மழை ஒரேயடியாகக் கொட்டி, மண்ணையும் அரித்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுகிறது. அப்புறம் மாதக்கணக்கில் ஒரு தூறல்கூடக் கிடையாது. அந்த வருடம் ஊற்று அடியோடு காய்ந்துவிட்டது.

எதிர்வீட்டு பெங்காலி அக்காவை எல்லோரும் தீதி என்றுதான் கூப்பிடுவோம். அவர் மகளுக்கு அப்போதுதான் பிரசவம் ஆகியிருந்தது. குழந்தையின் துணியை அலசக்கூட வழியில்லை. வாரம் ஒருமுறை வரும் டேங்கரும் அந்த வாரம் வரவில்லை.

ஒருநாள் காலை டேங்கர் சத்தம் கேட்டு, குடத்தோடு ஓடினோம். வண்டி நிற்கவில்லை. பின்குழாயைத் திறந்துவிட்டு, மண்ரோட்டில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போனது. பருவநிலை மாற்றத்தைப் பற்றி எங்களுக்கு விளக்க ஒரு பெரிய அதிகாரி வருகிறாராம். அவர்மேல் புழுதி படக்கூடாதாம்.

தீதி முன்னால் ஓடி, வண்டியை மறித்து நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார். “பானி தேகே ஜாவோ, பையா” என்றார். தண்ணீர் கொடுத்துவிட்டுப் போ தம்பி, அவ்வளவுதான்.

டிரைவர் தமிழர். என்னைப் பார்த்து, “நான் என்னக்கா பண்றது? ரோட்டுக்கு அடிக்கத்தான் ஆர்டர். நீங்களாவது சொல்லுங்க” என்றார்.

நான் சொல்லவில்லை. தீதிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பின்னாலேயே தெருப் பெண்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் இறங்கி வந்து எங்கள் குடங்களுக்குக் குழாயைத் திறந்துவிட்டார்.

பாதிக் குடங்கள்கூட நிறையவில்லை, ஜீப் வந்துவிட்டது. முன்னால் இறங்கிய அலுவலர், “யே க்யா தமாஷா ஹை? என்ன கூத்து இது, பெரிய சாப் வர்ற நேரத்துல?” என்று சீறினார்.

“பச்சைப் புள்ள இருக்கிற வீட்டுக்குத் தண்ணி சார். ரோடு குடிக்குமா?” என்றேன். என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது.

பின்னால் வந்த காரில் இருந்த பெரிய அதிகாரி கண்ணாடியை இறக்கவே இல்லை. பிறகு பள்ளிக்கூட மேடையில், பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டே, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னார். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அந்த டிரைவரை அதன்பின் எங்கள் பக்கம் அனுப்பவேயில்லை. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

மழை ஏன் மாறியது என்று நான் யாரைப் போய்க் கேட்பது? ஆனால் மிச்சமிருக்கும் தண்ணீர் யாருக்குப் போகிறது என்று கேட்க எனக்கு வாய் இருக்கிறது. இனி எந்தக் கோடையிலும் அதை மூடிக்கொண்டிருக்கப் போவதில்லை.