சந்திரகலா அக்கா கட்டிய பொட்டலங்கள்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பிளாட்டின் மூன்றாவது மாடியில் இருக்கும் சந்திரகலா அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய், தாய்க்குப் பத்தியம் சமைத்து, வயிற்றுக்குத் துணி கட்டி, தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்டி விடுவதுதான் அவர் வேலை. ஒரு வீட்டுக்கு இருபத்தெட்டு நாள். கிள்ளான் பக்கம் என்றால் காலையிலேயே கொமுட்டர் ரயில் ஏறிவிடுவார்.

பிறந்தது ஜெஞ்சாரோம் பக்கம் ஓர் எஸ்டேட்டில். கணவர் கன்னையா லோரி ஓட்டினார். மகன் தனேஷுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவர் நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அக்காவின் இந்த இரண்டு கைதான் வீட்டுக்குச் சோறு போட்டது. அக்கா கால் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டு, முதுகில் வெந்நீர் ஊற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். வீறிடுகிற பிள்ளையும் அவர் "ஓம் சக்தி, ஓம் சக்தி" என்று சொல்லச் சொல்ல அடங்கிவிடும். அழுகையைக் கேட்டே பசியா, வயிற்று வலியா, தூக்கமா என்று சொல்லிவிடுவார்.

கீழ்வீட்டு மாரியாயி வாய் சும்மா இருக்காது.

"ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் தண்ணி ஊத்துற. உன் வீட்டுப் பிள்ளைக்கு எப்பலா ஊத்தப் போற?"

"அம்மன் கண்ணு தொறக்கணும்லா," என்று அக்கா சிரித்துக்கொண்டே படியேறுவார். மேலே வந்ததும் சிரிப்பு இருக்காது.

தனேஷுக்கும் மருமகள் மதுமிதாவுக்கும் கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. உடம்பில் குறை எதுவும் இல்லை. இரண்டு பேருக்கும் முடிவெடுக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். "எங்களுக்கு வேணாம்னு இல்லமா. வேணும்னும் இல்ல," என்பான் தனேஷ். அக்காவுக்கு இதுதான் விளங்கவில்லை. "நோவுன்னா டாக்டர் இருக்காரு. தோஷம்னா விரதம் இருக்கலாம். இது என்னன்னே தெரியலையேம்மா. இதுக்கு எந்தச் சாமிகிட்ட போறது?" என்று என்னிடம் சொல்லி வருத்தப்படுவார்.

ஒரு நாள் அக்கா வீட்டில் பத்தியத்துக்குப் பூண்டு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மதுமிதா தனியாக வந்தாள். பங்சாரில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிற பெண். காலணியைக் கழற்றியவள் நேராக வந்து அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை, எனக்கு முப்பத்தஞ்சு ஆகப்போகுது. வேணும்னா ரொம்பத் தள்ளிப்போடாதீங்கன்னு டாக்டர் சொல்றாங்க. நானும் மூணு வருஷமா யோசிக்கிறேன். காலையில எந்திரிச்சா வேணும்னு இருக்கு. ஆபீஸ் போய்ச் சேர்றதுக்குள்ள வேணாம்னு ஆயிடுது. எனக்குத் தலையே சுத்துது. நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொல்றதைக் கேட்டுக்கிறேன்."

ஆறு வருடமாக அக்கா காத்திருந்த வார்த்தை. உடனே சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அக்கா உரித்த பூண்டையே திரும்ப உரித்துக்கொண்டிருந்தார்.

"நான் எப்படிம்மா சொல்றது," என்றார் கடைசியில். "பூப் போட்டு அம்மன்கிட்டயே கேட்டுருவோம்."

வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் கட்டி, அம்மன் காலடியில் வைத்து, ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது எங்களுக்கெல்லாம் பழக்கம்தானே.

"சரி அத்தை," என்றாள் மதுமிதா. "வெள்ளை வந்தா பெத்துக்கிறேன். சிவப்பு வந்தா நாங்க ரெண்டு பேர் மட்டும்தான். அதுக்கப்புறம் யாரும் என்னைக் கேக்கக்கூடாது. மாரியாயி ஆன்டியும்தான்."

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் எங்கள் தெருக்கோடிக் கோயிலுக்குப் போனோம். பொட்டலங்களை அக்கா வீட்டிலேயே வாழையிலைத் துண்டில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். குருக்கள் வாங்கி அம்மன் பாதத்தில் வைத்து, பூசை செய்து, தட்டில் எடுத்து வந்தார். அர்ச்சனைக்கு நின்ற ஒருவருடைய நாலு வயது மகளைக் கூப்பிட்டு, "பாப்பா, ஒண்ணு எடும்மா," என்றோம். அது இரண்டு கையாலும் இரண்டையும் எடுத்துக்கொண்டது.

"ஒண்ணுதான் பாப்பா, ஒண்ணுதான்!" அக்கா பதறிப்போய் ஒன்றைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பக்தியில் பதறுகிறார் என்று நினைத்தேன்.

மிச்சமிருந்ததை மதுமிதா பிரித்தாள். உள்ளே வெள்ளை மல்லிகை. அவள் அழுதாள். பச்சைப்பிள்ளையின் அழுகைக்கெல்லாம் அர்த்தம் சொல்லும் அக்காவுக்கு, அது சந்தோஷமா துக்கமா என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் அக்கா கிள்ளானில் ரஞ்சனி என்ற பெண்ணுக்குப் பத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். தலைப்பிள்ளை, பத்தாவது நாள். முதுகு தேய்த்துவிடும்போது ரஞ்சனி திரும்பாமலே சொன்னாளாம்: "ஆன்டி, எனக்கு இந்தப் பிள்ளை மேல ஒண்ணுமே தோணல. தூக்கினா யார் பிள்ளையோ மாதிரி இருக்கு. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

இப்படிச் சொல்கிறவர்களை அக்கா எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். "எல்லாம் சரியாயிரும்மா" என்பார். பெரும்பாலும் சரியாகியும் இருக்கிறது. ஆகாத ஒன்றிரண்டு முகங்களும் அவருக்கு ஞாபகத்தில் உண்டு. அன்றைக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. ரஞ்சனியின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு நர்ஸ் வரும்போது இதை அவங்ககிட்டயும் சொல்லணும், என்ன? நான் பக்கத்துல இருக்கேன்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார். கைப்பையிலிருந்த பொட்டலத்தை மேசைமேல் வைத்துப் பிரித்தார். வாடிப் பழுத்திருந்தாலும் தெரிந்தது, அதுவும் மல்லிகை.

"ரெண்டுலயும் வெள்ளைதாம்மா கட்டினேன். கை அதுவா செஞ்சிருச்சு."

"அம்மன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கலாம் அக்கா," என்றேன்.

"அவ பெத்தவ, மன்னிச்சிருவா. மதுமிதா?"

ஞாயிற்றுக்கிழமை சுங்கை பூலோவுக்கு, மகன் வீட்டுக்குப் போனோம். தனேஷ் டீ கலக்கிக் கொண்டுவந்தான். அக்கா டீயைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னார்.

தனேஷ் சிரித்துவிட்டான். "அம்மா! அம்மன்கிட்டயே திப்பு பண்ணி ஏமாத்திட்டியா?"

மதுமிதா சிரிக்கவில்லை. "அப்போ அது அம்மன் சொன்னது இல்லையா அத்தை?"

"இல்லம்மா. நான் சொன்னது. வாயால சொல்ல தைரியம் இல்லாம பூவை வச்சுச் சொல்லிட்டேன்."

"சாமான் ரூமைக் காலி பண்ணிட்டேன் அத்தை. ஜன்னலுக்கு என்ன கலர் துணி போடலாம்னு பாத்துட்டு இருந்தேன். நேத்து அதே ரூம்ல உக்காந்து, பயத்துல அழுதேன். ரெண்டும் நெசந்தான்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மறுபடியும் போடலாமா? இந்தத் தடவை நான் கட்டுறேன்."

"வேணாம்மா. இது பூ சொல்ற விசயம் இல்ல போலருக்கு. பின்ன யாரு சொல்ற விசயம்னும் எனக்குத் தெரியல. சிவப்பு வந்தா யாரும் கேக்கக்கூடாதுன்னு சொன்னீல்ல? பூ இல்லாமலே நான் இனிமே கேக்க மாட்டேன்."

மதுமிதா எழுந்துபோய், ஆறிப்போன டீயை மறுபடி சூடாக்கிக் கொண்டுவந்து அத்தை கையில் கொடுத்தாள். கோபம்தான், ஆனாலும் கொடுத்தாள். நாங்கள் கிளம்பும்போது, "சனிக்கிழமை கிள்ளானுக்கு உங்ககூட நானும் வரவா? சும்மா பாக்கத்தான்," என்றாள்.

போனாள். குளியலறை வாசலிலேயே நின்றாளாம். குளிப்பாட்டி முடிந்ததும் ரஞ்சனியே, "அக்கா, கொஞ்சம் பிடிங்க," என்று துவாலையோடு பிள்ளையை மதுமிதா கையில் கொடுத்தாள். சாம்பிராணிப் புகையில் பிள்ளை தும்மியது. மதுமிதா பயந்துபோய்ப் பிள்ளையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டாள். அதைப் பார்த்து ரஞ்சனிக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் அவள் சிரித்து அக்கா அன்றுதான் பார்த்தார். திரும்பும்போது ரயிலில் மதுமிதா ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். கேட்டுவிடக் கூடாதென்று அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே வந்தாராம்.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை அக்காவோடு கோயிலில் நின்றேன். மகன், மருமகள் பேரும் நட்சத்திரமும் சொன்னார். குருக்கள் ஆறு வருடப் பழக்கத்தில், "புத்திர பாக்கியம்..." என்று தொடங்கினார்.

"அது வேணாம் சாமி," என்றார் அக்கா. உடனே பதறி, "வேணாம்னு இல்ல சாமி..." என்று இழுத்தார்.

குருக்கள் தட்டோடு நின்றார். பின்னால் வரிசை நின்றது. அக்கா அம்மனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நல்லா இருக்கட்டும்னு மட்டும் சொல்லுங்க சாமி."