பெருங்காய டப்பாவில் மாத்திரைகள்

போன மாதம் தம்பானூர் பஸ் நிலையத்தில் காக்கி உடுப்போடு நின்றுகொண்டிருந்தேன். இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்த ஒரு பெண், பைக்குள் கைவிட்டு மஞ்சள் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது ஒனக்க டப்பாதான். ஓர்மை இருக்கா மக்ளே?" எங்கள் வீட்டுப் பெருங்காய டப்பா. மூடியில் நான் பல்லால் கடித்துத் திறந்த தடம்கூட அப்படியே இருந்தது. ஒருகாலத்தில் என்னோடு பயிற்சி எடுத்த அக்காவைப் பார்த்த சந்தோஷம் வருவதற்குள் வெட்கம் வந்துவிட்டது.

பத்து வருஷத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் போலீஸ் உடல்தகுதித் தேர்வுக்காக ஒரே மாஸ்டரிடம் பயிற்சி எடுத்தோம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவிலிருந்து போலீசுக்குப் போகப்போகிற முதல் பெண் என்று ஒரு மிதப்பு வேறு. அக்கா விழிஞ்ஞத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். கன்னியாகுமரிப் பக்கத்துக்காரி, இரண்டு குழந்தைகள், கணவர் இல்லை. அந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிந்தது. இந்தத் தடவை விட்டால் காலமெல்லாம் மீன் கூடைதான் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

மாஸ்டருக்கு ஒரு சட்டம் உண்டு. ஓட்டத்தில் ஒருத்தி நின்றால் அத்தனை பேரும் கூடுதலாக ஒரு சுற்று ஓட வேண்டும். ஓடி முடித்ததும் ஆளுக்கொரு டம்ளர் பாலும், டாக்டர் எழுதிக் கொடுத்த கால்சியம் மாத்திரை ஒன்றும் தருவார். பழக்கமில்லாத உடம்பு திடீரென்று இவ்வளவு ஓடினால் எலும்பில் மயிரிழை விரிசல் விழலாம், அதற்கு இது ஒரு துணை என்பார். கூடவே தினமும் தன் மலையாளத் தமிழில் எச்சரிப்பார்: "எல்லுல ஒரே இடத்துல வேதனைன்னா உடனே என்கிட்ட பறயணும். குளிகைய மட்டும் நம்பி ஓடக்கூடாது, கேட்டோ!"

எனக்கு அந்த மாத்திரை ஆகவே ஆகாது. சுண்ணாம்புக் கட்டியை மென்றது போல வாயெல்லாம் வறளும், வயிறும் கட்டிக்கொள்ளும். விழுங்குவதாகப் பாவனை செய்து கைக்குள் மறைத்துவிடுவேன். வீசினால் மாஸ்டர் கண்ணில் படும் என்று அம்மாவின் பழைய பெருங்காய டப்பாவில் சேர்த்துவந்தேன்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் அக்கா ஓட்டத்தில் இரண்டு நாள் நின்றாள். இரண்டு நாளும் எங்களுக்கு ஒரு சுற்று கூடியது. மூன்றாம் நாள் என்னைத் தனியே கூப்பிட்டு, முழங்காலுக்குக் கீழே ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். "இங்கன மட்டும் நோவுது. மாஸ்டருட்ட சொன்னா ஓடாண்டாம்னு சொல்லிருவாரு. எனக்கு வேற வழி இல்ல பிள்ளே."

நான் மாஸ்டரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவள் நின்றுவிடக் கூடாது, எனக்கு அந்தச் சுற்று கூடக் கூடாது. என் மனதில் இருந்தது இவ்வளவுதான். டப்பாவை எடுத்து அவள் கையில் வைத்து, "என்னோடதையும் சேர்த்து ரெண்டா போட்டுக்கோங்கோ அக்கா, சரியாயிடும்" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சாப்பிட வேண்டியதை அவளுக்காக விட்டுத் தருகிறேன் என்று நினைத்துவிட்டாள். நானும் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு பதினெட்டு நாள் அக்கா நிற்கவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். தேர்வன்று பாதி ஓட்டத்தில் விழுந்தாள். விரிசலோடு ஓடி ஓடி எலும்பு முறிந்துவிட்டது என்றார் டாக்டர். முதலிலேயே ஓய்வு கொடுத்திருந்தால் ஆறியிருக்குமாம். நான் தேர்வானேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது அக்காவின் பக்கத்தில் ஓட்டப் பயிற்சிக் காலணியோடு அவள் மகள் நின்றிருந்தாள். "எனக்க மவளும் இப்ப பரீட்சைக்கு ஓடுகா. அவளுக்க குளிகை இதுலதான். தனக்குள்ளத எனக்குத் தந்த பிள்ளைன்னு ஒன்னத்தான் இவளுட்ட சொல்லுவேன்" என்றாள் அக்கா. அந்தப் பெண் என்னை மரியாதையோடு பார்த்தாள். "ஒரே எடத்துல வலிச்சா மாஸ்டர்ட்ட உடனே சொல்லிடும்மா" என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

"நாள் முழுக்க நின்னு வேலை செய்யுத, நீயும் ஒண்ணு போடு" என்று அக்கா டப்பாவைத் திறந்து என் உள்ளங்கையில் ஒரு மாத்திரையை வைத்தாள். உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். குடிக்க வெள்ளம் கேட்கிறேன் என்று நினைத்து பாட்டிலை நீட்டினாள். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் தடவையாக அதை விழுங்கினேன்.