நாத்தனார் முடிச்சும் ஆயில் கூலரும்

யுத்தம் முடிந்த மறுவருஷம் மதுரையில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டார்கள். அதில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பம் வந்து சேர்ந்தேன். அப்போது நான் அரிசி ஆலையில் எஞ்சின் டிரைவர். எனக்குத் தெரியாத எஞ்சின் இந்த ஊரில் கிடையாது என்ற நினைப்பு எனக்கு உண்டு. ஊரில் இருந்த எஞ்சின்களே ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் என்பது வேறு விஷயம்.

சமதரையில் அந்த வண்டி ராஜா மாதிரி ஓடும். குமுளி மலையில்தான் மானத்தை வாங்கும். லோயர் கேம்ப்பைத் தாண்டிப் பாதி மலை ஏறினால், மாடுகள் தண்ணீர் குடிப்பதற்கென்று ஒரு கல்தொட்டி உண்டு. அங்கே வருவதற்குள் எஞ்சினில் ஓடும் எண்ணெய் சூடாகி, வடிகஞ்சியாக நீர்த்துப் போகும். வண்டியும் மூச்சு வாங்கி நின்றுவிடும்.

என் மனைவிக்குப் பிறந்த ஊர் குமுளி. கல்யாணமான புதிதில் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மாமனார் வீட்டுக்கு மிடுக்காகக் கிளம்பினேன். தொட்டியடியில் வழக்கம்போல நின்றது. அங்கே தன் காளைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த பாரவண்டிக்காரர், “என்ன மாப்ளே, ஒங்க மாட்டுக்கும் தாகமாக்கும்?” என்றார். மிச்ச மலையைப் பட்டுச்சேலையோடு நடந்தே ஏறினாள் என் மனைவி. வீடு போய்ச் சேர்ந்ததும், “செத்தாலும் இனிமே அந்தச் சனியன்ல ஏற மாட்டேன்” என்றாள். அன்று முதல் வண்டிக்கு அதுதான் பெயர்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வண்டி மேலும் கோபம், வண்டிக்காரர் மேலும் கோபம். வீம்புக்கு ஒரு வேலையை ஆரம்பித்தேன்.

அந்த வண்டியில் எண்ணெய்க்குத் தனி டாங்கி. அங்கிருந்து ஒரு குழாய் வழியாக எஞ்சினுக்குப் போய், சுற்றி முடித்து, இன்னொரு குழாய் வழியாகக் கொதிக்கக் கொதிக்கத் திரும்பி வரும். திரும்புகிற எண்ணெயைக் கொஞ்ச நேரம் காற்றாடச் சுற்றவிட்டு டாங்கிக்கு அனுப்பினால் போதும் என்று தோன்றியது. சுடுசோற்றைத் தட்டில் பரப்பி ஆறவைக்கிற மாதிரிதான். இன்றைக்கு இதை ஆயில் கூலர் என்கிறார்கள். அன்று நான் அதற்குப் பெயரெல்லாம் வைக்கவில்லை.

செம்புக் குழாய் ஒன்று வாங்கி, உள்ளே ஆற்றுமணலை இறுக அடைத்து, மேலும் கீழுமாக மடக்கினேன். மணல் இல்லாமல் வளைத்தால் மடிப்பில் நசுங்கிப் போகும். பிறகு உத்தமபாளையத்தில் பாத்திரம் பற்றவைக்கிறவரிடம் கொடுத்து, குழாய் நெடுகிலும் மெல்லிய செம்புத்தகடுகளை வரிசையாக வைத்து ஈயத்தால் ஒட்டவைத்தேன். வளைந்த செம்புக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு நான் தெருவில் போனதைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டார்கள். என் பங்காளி ஒருவர் ஆலைக்கே வந்து, காதோடு காதாக, “காய்ச்சுனா எனக்கும் ஒரு போத்தல் வச்சிருப்பா” என்றார். அவரைத் துரத்திவிட்டு, மணலைத் தட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, வண்டியின் முன்விளக்குக்குக் கீழே காற்றுப் படுகிற இடத்தில் அதைப் பொருத்தினேன். பளபளவென்று இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அறுப்புக் காலம், ஆலை ஓயாமல் ஓடியது. மலையில் ஓட்டிப் பார்க்கத்தான் நேரம் வாய்க்கவில்லை.

அறுப்பு முடிந்த கையோடு குமுளியில் மைத்துனன் கல்யாணம். தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான், மற்ற இரண்டும் அவன் உடன்பிறந்தவள் போடவேண்டும். அவனுக்கு இருப்பதோ ஒரே அக்காள், என் மனைவி. அந்த முடிச்சுக்காகவே பிறந்தவள் மாதிரி ஒரு மாதமாக வேறு பேச்சே பேசவில்லை. அவள் வராவிட்டால் பெரியப்பா மகள் போடுவாள். அந்தப் பெரியப்பா மகளுக்கும் இவளுக்கும் சின்ன வயதிலிருந்தே ஏழாம் பொருத்தம்.

முந்தின நாளே போய்விடுவதாக ஏற்பாடு. பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரியில் ஓடுகிற கரிப் பஸ் மதியம் வந்தது, நிறைந்து வழிந்து, நிற்காமலே போனது. சாயங்காலப் பஸ் வரவே இல்லை. விடிந்ததும் என் மனைவி கண் சிவக்க வாசலில் வந்து நின்றாள். “அந்தச் சனியன எடுங்க” என்றாள்.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வண்டி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். “ஏலே, புதுச்சாமானுக்கு ஒண்ணும் பூசாம மலையேறக் கூடாதுடா” என்றாள். பொட்டோடு நிறுத்தவில்லை. சாமிக்குக் காப்பிடுவதுபோல, தகட்டுக்குத் தகடு இடைவெளி தெரியாமல் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்திருந்தாள். மங்களகரமாகத்தான் இருந்தது. கும்பிட்டுக் கிளம்பினோம்.

கூடலூர் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் கமகமவென்று சந்தன வாசனை எழுந்தது. “நல்ல சகுனம்” என்றேன். ஏற ஏற வாசனை கூடிக்கொண்டே போனது. இந்தத் தடவை வண்டி தொட்டி வரைக்கும்கூட வரவில்லை, முந்தின வளைவிலேயே படுத்துவிட்டது. இருவருமாகத் தள்ளிக்கொண்டு போனோம். தொட்டியடியில் அதே பாரவண்டிக்காரர். அவள் முகத்தைப் பார்த்தவர் கேலி எதுவும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

குழாயைக் கழற்றலாம் என்று நான் ஸ்பானரை எடுத்தேன். அவள் குனிந்து சந்தனத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு ஓரத்தில் காய்ந்து உதிர்ந்திருந்த இடத்தில் குழாயைத் தொட்டாள், விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“மேல வெதுவெதுன்னு இருக்கு, உள்ள கொதிக்குது. காத்து எங்கன போகும்? ஒங்கம்மா இதுக்குக் கம்பளியப் போத்தி விட்டிருக்காக!”

சொல்லிக்கொண்டே கொண்டை ஊசியை உருவித் தகடுகளுக்கு நடுவே சுரண்ட ஆரம்பித்தாள். நான் பாரவண்டியிலிருந்து வைக்கோலை உருவிச் சுருட்டித் தேய்த்தேன். சூடு அடங்கியதும் வண்டிக்காரர் வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு ஊற்றினார். “ஏத்தா, சுருக்கா கெளம்புங்க, மேளச்சத்தம் கேக்க ஆரம்பிச்சிரும்” என்று, கல்யாண விஷயத்தைக் கேட்டறிந்து அவசரப்படுத்தியதும் அவர்தான்.

அதற்கப்புறம் அந்த வண்டி ஏறியதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. ஒரு வளைவில்கூடத் திணறவில்லை. பந்தலுக்கு முன்னால் நிறுத்தும்போது கெட்டிமேளம் முழங்கிவிட்டது. மைத்துனன் முதல் முடிச்சைப் போட்டிருந்தான், பெரியப்பா மகள் கையை நீட்டியிருந்தாள். “ஏ, கைய எடுடீ!” என்று கத்திக்கொண்டே என் மனைவி கூட்டத்துக்குள் பாய்ந்தாள். பந்தலே சிரித்தது. தலை கலைந்து, கையெல்லாம் எண்ணெயும் சந்தனமுமாக, இரண்டு முடிச்சையும் அவளே போட்டாள்.

மூன்றாம் மாதம் தாலி பிரித்துக் கோர்க்கப் போயிருந்தோம். மைத்துனன் பெண்டாட்டி பழைய கயிற்றை எடுத்துக் காட்டி, “எம்புட்டு மஞ்சத் தேச்சும் இந்த முடிச்சுல இருக்க கறுப்பு மட்டும் போகல அண்ணி, என்னது இது?” என்று கேட்டாள்.

என் மனைவி கயிற்றைக் கையில் வாங்கிப் பார்த்தாள். நான் பயந்துகொண்டு திரும்பி நின்றேன்.

“அதுவா? எங்க வண்டி எண்ணெய்” என்றாள்.